பறவைக் கணக்கும் நம் பேரேடும்

கணக்கில்லாத வியாபாரம் கரை சேராது என்பது வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமல்ல. சிட்டையில் அன்றாட வரவு செலவு, பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்று வரவு, ஆண்டு முடிவில் ஐந்தொகை. இம்மூன்றும் ஒழுங்காக உள்ள கடைதான் தலைமுறை தாண்டி நிற்கிறது. அலமாரி நிறையச் சரக்கு இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். இருப்பெடுத்துப் பார்த்த பிறகுதான் எது கரைந்தது, எது தேங்கியது, எது களவு போனது என்பது தெரியவரும்.

இதே முறையை ஆகாயத்துப் பறவைகளுக்கும் கையாள்கிறார்கள் என்றால் நம்மில் சிலர் வியப்படையலாம். சிலர் நகைக்கவும் கூடும். "பறவையை எண்ணி யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவரும் உண்டு. அது நியாயமான கேள்விதான். பலன் பாராமல் ஒரு காரியத்தில் இறங்குவது வணிகர் வழக்கமல்ல. ஆகவே, பறவைக் கணக்கு என்பது யாது, அதை எடுப்பவர் யார், அதனால் விளைந்த நன்மை என்ன, மாசாயில் வாழும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பவற்றை இங்கே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

எண்ணிப் பார்ப்பதன் தத்துவம்

திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயத்தில், சுலைமான் நபி (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டு, ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தியைக் காணவில்லையே என்று விசாரித்த வரலாறு வருகிறது. சிறு வயதில் மதரஸாவில் கேட்ட நிகழ்ச்சிதான். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்று குறைகிறது என்று சொல்ல வேண்டுமானால், எவையெவை இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முன் கணக்கு இல்லாதவன் குறைவை உணர மாட்டான். குறைவை உணராதவன் காரணத்தைத் தேட மாட்டான். காரணம் தெரியாத நோய்க்கு மருந்தும் கிடையாது.

பறவைக் கணக்கின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஒருநாள் எண்ணிக்கை வெறும் எண்தான். அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் எடுத்த எண்ணிக்கையோ ஒரு பேரேடு. ஏறுமுகமா இறங்குமுகமா என்பதை அது சொல்லிவிடும்.

எண்ணுபவர் யார்?

உலகம் முழுதும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்து வருபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஆசிரியர், குமாஸ்தா, டாக்டர், கடைக்காரர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று எல்லாத் தரத்தினரும் அவர்களில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று கட்சி கட்டிக்கொண்டு வேட்டைக்குச் செல்வார்கள். அதிகமாகச் சுட்டு வீழ்த்தியவர் ஜெயித்தவர். பறவை அறிஞரான பிராங்க் சாப்மன் என்பார், "சுடுவதற்குப் பதில் எண்ணலாமே" என்று யோசனை கூறினார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அன்று தொடங்கிய கணக்கு 120 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது.

நீர்ப்பறவைகளுக்கான அகில உலகக் கணக்கு 1967-ல் ஆரம்பமாயிற்று. ஆசியாவில் இந்தப் பணி 1987 முதல் ஜனவரி மாதத்தில் நடைபெற்று வருகிறது. ஏன் ஜனவரி? இதிலும் வணிகர் அறிந்த நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர் நெரிசலில், சரக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்போது யாராவது இருப்பெடுப்பார்களா? கடை ஓய்ந்த நேரத்தில்தான் எடுப்போம். வடக்கிலிருந்து வரும் பறவைகள் ஜனவரியில் பயணம் முடிந்து ஓரிடத்தில் தங்கியிருக்கும். அப்போது எண்ணினால் ஒரே பறவையை இரண்டு ஊர்களில் இரண்டுமுறை எண்ணும் தவறு குறையும்.

இப்பறவைகளின் பயணத்தையும் சிறிது அறிதல் வேண்டும். சைபீரியாவில் குஞ்சு பொரித்து, சீனா, கொரியாக் கடற்கரைகளில் இரை தின்று உடல் தேற்றி, மலேசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா வரை செல்லும் உள்ளான் இனங்கள் பல உண்டு. நம் ஊர்களில் வெளிநாடு சென்று பிழைப்போரைச் சபுராளிகள் என்பார்கள். பருவம் தவறாமல் கடல் கடந்து வந்து, பருவம் தவறாமல் ஊர் திரும்பும் இவையும் ஒருவகையில் சபுராளிகளே. வழியில் தங்கும் துறைகளில் ஒன்று அடைபட்டாலும் அவற்றின் சபர் கெட்டுப்போகிறது.

தாயகத்தில் நடப்பது

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெற்று வருகிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்பவர் தம் வீட்டுக் கொல்லையிலோ, ஊர்க் குளக்கரையிலோ நின்று கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்து அன்பர்களுக்கு வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் தெரிந்த இடங்கள். திருநெல்வேலிச் சீமையினருக்குக் கூந்தன்குளம் தெரியும். இம்மூன்றும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இவ்வகைத் தொண்டர் பதிவுகளைத் திரட்டி இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 2020-ல் வெளியாயிற்று. 15,500 பேர் அளித்த ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களின் நிலையை அது கணித்தது. 2023-ல் வந்த அடுத்த அறிக்கையில் 30,000 பேர், 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள் என்று கணக்கு விரிந்தது. அவற்றுள் 178 இனங்களை உடனடியாகக் கவனிக்க வேண்டியவை என அறிக்கை குறித்தது. எத்தனை உத்தியோகஸ்தர்களை நியமித்தாலும், இந்தியா போன்ற பரந்த தேசத்தில் இவ்வளவு பதிவுகளைச் சம்பளம் கொடுத்துத் திரட்ட முடியுமா?

இந்தக் கணக்கு, மக்கள் நம்பிக்கையையும் திருத்தியது. சிட்டுக்குருவி தேசமெங்கும் அழிந்துவிட்டது, கைப்பேசிக் கோபுரமே காரணம் என்று பலரும் பேசி வந்தார்கள். 2020 அறிக்கையோ, பெரு நகரங்களில் அது குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. யாரும் கவலைப்படாத வேறு பல பறவைகள் சரிந்துகொண்டிருப்பதையும் அதுவே காட்டியது. பேச்சு ஒரு பக்கமும் பேரேடு ஒரு பக்கமும் நின்றால், நாம் எதை நம்புவோம்?

வணிகக் குடும்பத்திலிருந்து வந்த அறிஞர்

இத்துறையில் முன்னின்ற டாக்டர் சாலிம் அலி அவர்களை இங்கே நினைவுகூர்தல் தகும். 1896-ல் பம்பாயில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். தாம் சுட்ட ஒரு சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன பறவை என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடியதே அவர் வாழ்க்கையின் திருப்பமாயிற்று. பின்னர்க் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்றார். தொழில் நிலைக்கவில்லை. ஆனால் பர்மாக் காடுகளில் பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறித்துவைக்கும் பழக்கம் நிலைத்தது.

ஊர் ஊராகச் சென்று எங்கே எந்தப் பறவை உள்ளது என்று முறையாகப் பதிந்த அவர் உழைப்பே பிற்காலத்து ஆராய்ச்சிகளுக்கு அஸ்திவாரம். 1941-ல் வந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல், சாதாரண மக்களும் பறவைகளை இனம் காணக் கற்றுக்கொடுத்தது. நாகூருக்குத் தெற்கேயுள்ள கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் பூட்டி, அவற்றின் போக்குவரத்தை அறியும் பணியிலும் அவர் சங்கத்தின் உழைப்பு பெரிது. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 1987-ல் காலமானார். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கு ஆரம்பமானதும் அதே ஆண்டுதான்.

நீரிணைக்கு அப்பால் ஒரு படிப்பினை

வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாசிர் கூடாங் கரையில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது உபின் தீவு. அது சிங்கப்பூருக்குச் சொந்தம். மலாய்க்காரர்கள் 'பாராவ்-பாராவ்' என்றழைக்கும் ஒரு பறவை அங்கே இருக்கிறது. சின்னான் குருவி இனத்தைச் சேர்ந்தது. வைக்கோல் நிறத் தலை. குரலோ மிகவும் இனிமை. அந்தக் குரலே அதற்கு எமனாயிற்று. கூண்டில் அடைத்து விற்பதற்காகப் பிடித்துப் பிடித்து, தாய்லாந்திலும் ஜாவாவிலும் அற்றுப்போய்விட்டதாகவே கருதும் நிலை வந்துவிட்டது.

இந்நிலையில் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டர்கள் ஆண்டுதோறும் எடுத்து வந்த கணக்கு துணைக்கு வந்தது. 2001 முதல் 2016 வரையிலான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உபின் தீவில் இப்பறவை பெருகி வருவது தெரிந்தது. சிங்கப்பூர் முழுவதிலும் குறைந்தது 202 பறவைகள் உள்ளன என்றும் மதிப்பிட்டார்கள். உலகில் மற்ற இடங்களில் மறைந்துவரும் ஓர் இனத்துக்கு அச்சிறு நாடே முக்கியமான புகலிடம் என்பது அப்போதுதான் விளங்கியது. 2018-ல் இப்பறவை, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. 2022-ல் பனாமாவில் கூடிய சர்வதேச மாநாட்டில், காட்டில் பிடித்த இப்பறவையை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை விதிக்க முடிவாயிற்று.

சுங்கை பூலோவின் கதையும் கேட்கத்தக்கது. நீரிணையின் மேற்குப் பக்கம், சிங்கப்பூர்க் கரையில் உள்ள சதுப்பு நிலம் அது. 1986-ல் பறவை ஆர்வலர் சிலர் அங்கே வந்து தங்கும் பறவைகளின் மிகுதியைக் கண்டு, இடத்தைக் காக்க வேண்டுமென்று எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவித்தார்கள். 1989-ல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது, 2002-ல் காப்பகமாயிற்று. வெறுங்கையோடு போய், "இது அழகான இடம், விட்டுவிடுங்கள்" என்று கேட்டிருந்தால் காரியம் கைகூடியிருக்குமா? இன்ன பறவை, இத்தனை என்ற பட்டியல் கையில் இருந்தது. அதனால் பேச்சுக்கு எடை ஏற்பட்டது.

எண்ணுக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் நீர்நிலைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்கினாலும், ஏதேனும் ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்று தங்கினாலும், அவ்விடம் உலக முக்கியத்துவம் உடையதெனக் கருதலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. எண்ணாமல் இந்த விதியைப் பயன்படுத்த முடியுமா? நம் ஜொகூரில் தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, சுங்கை பூலாய் என்னும் மூன்று இடங்கள் 2003-ல் இவ்வுடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தன.

ஒரு கிளைக் கணக்கு போதாது

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் வியாபாரி, ஒரு கிளையில் சரக்குக் குறைந்தால் உடனே நஷ்டம் என்று முடிவு கட்ட மாட்டார். அடுத்த கிளைக்குப் போயிருக்கலாம் அல்லவா? பறவை விஷயமும் அவ்வாறே. தென்கொரியாவில் சேமாங்கும் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் 2006-ல் அடைக்கப்பட்டது. அங்கே இரை தின்று வந்த பெரிய உள்ளான் இனம் ஒன்று பல்லாயிரக்கணக்கில் மறைந்தது. பக்கத்துக் கரைகளுக்குப் போயிருக்கும் என்றனர் சிலர். அக்கரைகளில் எண்ணிப் பார்த்தார்கள், கூடவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் தொண்டர்கள் எண்ணினார்கள், அங்கும் குறைந்திருந்தது. இடம் மாறவில்லை, மாண்டே போயின என்பது அதன் பிறகே உறுதியாயிற்று. 2015-ல் அவ்வினம் அபாய நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரு மேசைக்கு வந்திராவிட்டால் இந்த உண்மை வெளிப்பட்டிராது.

நமக்கு என்ன சம்பந்தம்?

இனி நம் வாசலுக்கு வருவோம். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டிய கொடுமை மாசாய், பாசிர் கூடாங் வாசிகள் எவருக்கும் மறக்கக்கூடியதன்று. பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மனிதர்க்கு வந்த தீங்கை ஆஸ்பத்திரிப் பதிவேடு சொல்லிவிட்டது. ஆனால் ஆற்றுக்கும், அதன் முகத்துவாரத்துச் சதுப்புக்கும், அங்கே மீன் கொத்தும் கொக்குக்கும் வரும் தீங்கை எந்தப் பதிவேடு சொல்லும்?

கடையில் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் கேட்பது என்ன? "இருப்புப் புத்தகம் எங்கே?" என்றுதான் கேட்பார். புத்தகம் இருந்தால் நஷ்டத்தை ரூபித்து ஈடு கேட்கலாம். இல்லையென்றால், லட்சம் வெள்ளிச் சரக்கு எரிந்தது என்று சத்தியம் செய்தாலும் ஏற்பார் இல்லை. ஆறும் கரையும் அப்படித்தான். கேடு வருமுன் பத்தாண்டுக் கணக்கு இருந்தால், கேடு வந்த பின் இவ்வளவு இழந்தோம் என்று நிறுவலாம். இடம் மீண்டும் தேறி வருகிறதா என்பதையும் அறியலாம். தொழிற்சாலைகளும் துறைமுகமும் நெருங்கி நிற்கும் நம் பகுதிக்கு இத்தகைய இருப்புப் புத்தகம் மற்ற எவ்விடத்தையும்விட அவசியம்.

பறவை குறைந்தால் நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. சேற்றில் புழு பூச்சியும், நீரில் மீன் இறாலும் இருக்கும் இடத்தில்தான் கொக்கும் உள்ளானும் நிற்கும். அவை விலகிய கரையில் வலை வீசுகிறவனுக்கும் விரைவில் வேலை இராது. மீனவன் கையில் காசு இல்லாத ஊரில் மளிகைக்கடைக்கு மட்டும் வியாபாரம் ஏது?

முறை தவறாமல் எண்ணுவது எப்படி?

பெரிய படிப்போ விலை உயர்ந்த கருவியோ ஆரம்பத்தில் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், கூடுமானால் சிறிய தொலைநோக்கி. அதைவிட முக்கியமானது ஒழுங்கு. சில விதிகளைக் கவனிப்போம்.

ஒன்று: இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர் எத்தனை பேர் என்பவற்றை முதலில் எழுதவேண்டும். ஒருவர் ஒருமணி நேரம் கண்டதையும், நால்வர் மூன்றுமணி நேரம் கண்டதையும் ஒப்பிடுவது, ஒருநாள் விற்பனையையும் ஒருவார விற்பனையையும் ஒப்பிடுவதற்குச் சமம்.

இரண்டு: கடற்கரையில் எண்ணுவோர் நீரேற்ற அட்டவணையைப் பார்த்துச் செல்லவேண்டும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் சேற்றுவெளி எங்கும் சிதறி நிற்கும். நீர் ஏறும்போது உயர்ந்த இடங்களில் ஒன்றுகூடும், எண்ண எளிது.

மூன்று: சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். பெருங்கூட்டமானால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவைக்கொண்டு பத்துப் பத்தாக எண்ணவேண்டும். நாணயத்தைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிய கைகளுக்கு இது புதிதல்ல.

நான்கு: இனம் தெரியாததை 'தெரியாத உள்ளான், 12' என்றே எழுதவேண்டும். ஊகித்து ஒரு பெயர் சூட்டுவது, விலை தெரியாத சரக்குக்கு மனம்போனபடி விலை போடுவதற்கு ஒப்பாகும்.

ஐந்து: ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று பதியவேண்டும். பலர் வெறுங்கையோடு திரும்பி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். சைபரும் கணக்கில் ஓர் எண்தான். போன ஆண்டு ஐம்பது இருந்த இடத்தில் இவ்வாண்டு ஒன்றும் இல்லை என்பதைவிட முக்கியமான செய்தி வேறு எது?

ஆறு: காக்கை, மைனா, புறா போன்ற சாதாரணப் பறவைகளையும் விடலாகாது. இங்கே நாம் காணும் வீட்டுக் காக்கை இந்நாட்டுப் பறவையன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டங்கள் போயின. காக்கை பெருகி நின்றுவிட்டது. குறைவதைப் போலவே, அளவுக்குமீறிக் கூடுவதையும் கணக்குதான் காட்டும்.

"பயிற்சி இல்லாதவர் எண்ணினால் பிழை வராதா?" என்ற சந்தேகம் எழலாம். வரும். ஆனால் ஒரே தராசு நாள்தோறும் சிறிது குறைத்தே காட்டினாலும், இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அறிய அது தடையல்ல. நாளுக்கொரு தராசை மாற்றினால்தான் குழப்பம். மேலும், 2002 முதல் இயங்கிவரும் 'ஈ-பேர்ட்' என்னும் உலகப் பொதுப் பதிவேட்டில் கைப்பேசி மூலமே கணக்கைச் சேர்க்கலாம். வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் அந்தந்தப் பகுதி அறிந்தவர்கள் சரிபார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெட்டகம் இருக்கும் இடத்தை நாம் தெருவில் சொல்வதில்லை. அதுபோல, விலை பெறும் அரிய பறவை இருக்கும் மரத்தை எல்லோரும் அறியச் சொல்லலாகாது. பிடிப்பவன் காதிலும் அது விழும்.

நாம் செய்யத்தக்கது

எண்ணிவிட்டதால் மட்டும் ஒரு பறவையும் பிழைத்துவிடாது. ஐந்தொகை எழுதினால் மட்டும் கடன் தீராதது போலத்தான். எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்று அது சொல்லும். தீர்ப்பது நம் பொறுப்பு.

1940-ல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கத்துக்கு ஜொகூரிலும் கிளை உண்டு. ஆர்வமுள்ள அன்பர்கள் அவர்களோடு தொடர்பு கொள்ளலாம். வரும் ஜனவரியில் நீரிணைக் கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, கடை திறக்குமுன் ஒருமணி நேரம் பிள்ளைகளை அழைத்துச் சென்று எண்ணி வரலாம். வசதி படைத்தோர் அருகிலுள்ள பள்ளிக்கு ஒரு தொலைநோக்கியும் மலேசியப் பறவைகள் பற்றிய ஒரு நூலும் வாங்கித் தரலாம். செல்லப் பிராணி, கூண்டு, தீவனம் விற்கும் சகோதரர்கள், காட்டில் பிடித்துவந்த பறவையைக் கடைக்குள் ஏற்றுவதில்லை என்று உறுதி கொள்ளலாம். வாங்குவோன் இல்லையேல் பிடிப்போனும் இல்லை.

பள்ளிவாசல் கட்டுவதானாலும் மதரஸா நடத்துவதானாலும், ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்துப் பொதுச் சொத்தைக் காத்தவர்கள் நம் முன்னோர். ஆறும், கரையும், அவற்றை நம்பி வாழும் உயிர்களும் பொதுச் சொத்தே. நம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய அமானிதம். அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்கிறது என்று காட்டவேண்டியவர் அதை வைத்திருந்தவரே. அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தை இந்த ஜனவரியிலேயே எழுதத் தொடங்குவோமாக!